தரங்கம்பாடி டேனிஷ் கால வீடுகள்: உப்பு பூக்கும் சுவரை அருங்காட்சியகத்தில் என்ன செய்வது? (புனைபெயர்களில் நடந்த கேள்வி-பதில்)

கடற்காற்று

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் காலத்து வீடுகள் சில இன்று அருங்காட்சியகமாக நிற்கின்றன. 1784 முதல் ஆளுநர்கள் குடியிருந்த மாளிகை, ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு வாழ்ந்த வீடு இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. அதே காலத்து அமைப்பில் உள்ள ஒரு வீட்டைப் பற்றிப் பொதுவான கேள்வி இது.

சுவர் 2 அடி கனம். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கீழ்த்தளத்தில் தரையிலிருந்து 4 அடி வரை பூச்சு பொரிந்து உதிர்கிறது, வெள்ளையாக உப்பு பூக்கிறது. இடையில் ஒரு தடவை சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். இப்போது வந்திருக்கும் மதிப்பீட்டில் "பழைய பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்து, நீர்த்தடுப்பு ரசாயனம் அடித்து, மறுபடி சிமெண்ட் பூசி, எமல்ஷன் அடிக்க வேண்டும்" என்று இருக்கிறது. ஓலைச்சுவடியும் பழைய அச்சுத்தாள்களும் வைக்க ஓர் அறைக்கு ஏசியும் கேட்டிருக்கிறார்கள். இது சரியா? எங்கிருந்து தொடங்குவது?

காரைக்கரண்டி

அந்த மதிப்பீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். நோய்க்குக் காரணமானதையே மருந்தாக எழுதியிருக்கிறார்கள்.

இந்த வீடுகளுக்கு இன்றைய கட்டடம் போல ஓதத்தடுப்புப் படலம் (நிலத்து ஈரம், அதாவது ஓதம், சுவரில் ஏறாமல் தடுக்கும் அடுக்கு) கிடையாது. நிலத்து ஈரம் சுவருக்குள் ஏறும், பூச்சு வழியாக வெளியேறி ஆவியாகும். 200 வருடத்துக்கு மேல் அவை நின்றது இந்தக் கணக்கில்தான். சுண்ணாம்புப் பூச்சில் துளைகள் நிறைய, ஈரம் போக வழி உண்டு. அதன் மேல் சிமெண்ட் வந்ததும் வழி அடைபடுகிறது. ஈரம் நிற்காது, வெளியேற இடம் தேடி இன்னும் மேலே ஏறும். ஓதம் 4 அடி வரை வந்ததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஈரம் தனியாகவும் வருவதில்லை. கடலோர மண்ணின் உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு தங்கிப் படிகமாகும், படிகம் வளரும்போது துளையின் சுவரை நெட்டித் தள்ளும். பூச்சில் நடந்தால் பூச்சு போகும், அதை மாற்றிக்கொள்ளலாம். சிமெண்டுக்குப் பின்னால் நடந்தால் செங்கல் மாவாகும். 18-ஆம் நூற்றாண்டுச் செங்கல்லுக்கு மாற்று எங்கே வாங்குவது? சிமெண்டிலேயே சல்ஃபேட்டும் இருக்கிறது, அதுவும் சுவருக்குள் இறங்கிக் கூடுதல் சேதம் செய்யும்.

சுவரைத் தொடுமுன் வெளியே போய்த் தரையைப் பாருங்கள். வீட்டைச் சுற்றிச் சிமெண்ட் தளமோ டைல்ஸோ போட்டிருக்கிறார்களா? போட்டிருந்தால் அதன் அடியில் உள்ள ஈரத்துக்குச் சுவரைத் தவிர வேறு வழியே இல்லை. சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்கு அதை வெட்டி எடுத்துவிட்டுக் கருங்கல் ஜல்லி நிரப்புங்கள். வெளி மண்மட்டம் உள்தரையைவிட உயர்ந்திருந்தால் முதலில் அதை இறக்க வேண்டும். உள்ளே வழுவழு டைல்ஸ் பதித்திருந்தாலும் இதே கதைதான். கூரைக் குழாய்த் தண்ணீர் சுவரடியில் விழுந்தால் மற்ற எந்த வேலையும் பலிக்காது.

ஆய்வுக்குடுவை

காரைக்கரண்டி அண்ணன் சொன்னது சரி. ஆனால் "ஓதம்" என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நிலத்து ஓதம், கூரைக் கசிவு, கடற்காற்றில் படியும் உப்பு மூன்றும் சுவரில் ஒரே மாதிரிதான் தெரியும், வைத்தியம் வேறு வேறு.

சோதனைக்குச் செலவு அதிகமில்லை. 8 மி.மீ. துளைமுனையால் ஒரே நேர்க்கோட்டில் தரையிலிருந்து 30 செ.மீ., 1 மீ., 1.5 மீ., 2 மீ. உயரங்களில் துளையிடுங்கள். ஒவ்வொரு துளையிலும் 0–2, 2–5, 5–10 செ.மீ. ஆழத்துத் தூளைத் தனித்தனி உறையில் சேருங்கள். எடுத்தவுடன் எடை போட்டு, அடுப்பில் 105 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி மறுபடி எடை போட்டால் ஈரத்தின் அளவு தெரியும். உலர்ந்த தூளில் 10 கிராமை 100 மி.லி. வாலைவடிநீரில் (காய்ச்சி வடித்த நீர்) கலக்கி, தெளிந்ததும் மேல்நீரில் மின்கடத்துமானியை வையுங்கள். எண் எங்கே ஏறுகிறதோ அங்கே உப்பு.

குளோரைடா என்று பார்க்க, அதே தெளிநீரில் சில துளி எடுத்து நைட்ரிக் அமிலம் ஒரு துளி, பிறகு சில்வர் நைட்ரேட் ஒரு துளி. கண்ணாடிபோல் இருந்த நீர் அந்த ஒரு துளியில் பாலாகத் திரியும். லேசான மங்கல் என்றால் உப்பு குறைவு, தயிர்போல் திரிந்தால் மிக அதிகம். கையுறை கட்டாயம், சில்வர் நைட்ரேட் தோலைக் கறுப்பாக்கும்.

ஈரம் அடியில் அதிகமாகி மேலே போகப் போகக் குறைந்தால் நிலத்து ஓதம். மேலே அதிகம் என்றால் கூரையைப் பாருங்கள். உள்ளே காய்ந்து மேல் 2 செ.மீ.யில் மட்டும் உப்பு என்றால் காற்று கொண்டுவந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையிலும் ஏறியது என்பதையும் மறக்க வேண்டாம். கடல்நீர் நின்ற சுவர் என்றால் 10 செ.மீ. ஆழத்திலும் உப்பு கிடைக்கலாம், மேற்பூச்சை மாற்றினால் மட்டும் அது போகாது.

கடற்காற்று

சிமெண்டை எடுத்துவிட்டு உடனே சுண்ணாம்பு பூசலாமா?

காரைக்கரண்டி

கூடாது. சுவர் ஆற வேண்டும்.

முதலில் எடுக்கும் முறை. பிரேக்கர் மெஷின் வேண்டாம், அதிர்வில் செங்கல்லும் சேர்ந்து வரும். விரல் கணுவால் தட்டுங்கள், பொள்ளலாகச் சத்தம் கேட்கும் இடத்தில் தொடங்கி, உளியைச் சுவருக்குச் சாய்வாகப் பிடித்துச் சிறு சுத்தியால் தட்டினால் தகடாகப் பெயரும். பெயராத இடத்தில் வலிந்து இழுக்காதீர்கள். செங்கல்லின் முகத்தோல் போனால் உட்புறம் இன்னும் வேகமாகக் கரையும். பழைய சுண்ணாம்புப் பூச்சு எங்காவது கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தால் அதை விட்டுவைக்க வேண்டும். "முழுவதையும் கொத்தி எடு" என்பது அருங்காட்சியக வீட்டுக்கு ஒவ்வாத உத்தரவு. அந்தப் பூச்சும் காட்சிப்பொருள்தான்.

சுவரடியில் பாலித்தீன் விரித்து உதிர்வதை அன்றன்றே அள்ளி வெளியேற்றுங்கள். தரையில் விட்டால் உப்பு திரும்பச் சுவருக்குள் போகும். பூத்த உப்பை உலர் தூரிகையால் துடைக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து உள்ளே போய்விடும்.

உலர்வதற்குப் பொதுக் கணக்கு: கனத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம். 2 அடிச் சுவர் இரண்டு பக்கமும் திறந்திருந்தால் ஒரு வருடம். அவ்வளவு காத்திருக்க முடியாவிட்டாலும், வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் திறந்தால் குறைந்தது ஜூன் வரை விடுங்கள். பார்வையாளர் வரும் இடம் என்றால் ஒரு பலகை வைத்து, சுவர் ஏன் உரித்துக் கிடக்கிறது என்று எழுதுங்கள். மக்கள் நின்று படிப்பார்கள்.

ஆய்வுக்குடுவை

உப்பு மிக அதிகமான இடங்களுக்கு மட்டும், அதை உறிஞ்சி எடுக்கப் பற்று போடலாம். காகிதக்கூழ், வெள்ளைக் களிமண், கழுவிய மணல், வாலைவடிநீர். 1 முதல் 2 செ.மீ. கனத்துக்கு அப்பி, தானாகக் காய்ந்து விரியும்வரை விட்டு உரித்தெடுங்கள். உரித்ததில் அதே மின்கடத்துச் சோதனை. மூன்று தடவைக்குப் பின் எண் இறங்காவிட்டால் நிறுத்திவிடலாம். நிலத்திலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும் சுவரில் இதைச் செய்வது வீண், வெளித்தரை வேலை முடிந்த பிறகுதான்.

காரைக்கரண்டி

இனி பூச்சு.

சுண்ணாம்பு: கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் அதுவே நல்லது. பொட்டலத்தில் வரும் நீர்த்த தூள் எத்தனை நாள் பழையது என்று தெரியாது, காற்றுப்பட்டுச் செத்திருக்கும். சுட்ட கிளிஞ்சலை வாங்கித் தாளியுங்கள், அதாவது நீரில் நீற்றுங்கள். தொட்டியில் முதலில் தண்ணீர், அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளிஞ்சல். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கிட்டே போகக் கூடாது. ஆறியதும் கொசுவலைச் சல்லடையில் வடிகட்டி, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்க மூடி வையுங்கள். 3 வாரம் குறைந்தபட்சம், 3 மாதம் நல்லது. அவசரப்பட்டால் நீறாத துகள் பூச்சுக்குள் இருந்துகொண்டு பின்னால் நீறும், சுவரில் அம்மைத் தழும்புபோல் சிறு சிறு குழி தெறிக்கும். ஒரு கிலோ நல்ல கிளிஞ்சலுக்குச் சுமார் 2 லிட்டர் சுண்ணாம்புக் கூழ் தேறும்.

முதல் பூச்சு 10–12 மி.மீ.: கூழ் 1, மணல் 2, செங்கற்பொடி 1. செங்கற்பொடிக்கு அரைவேக்காட்டுச் செங்கல்தான் வேண்டும், நன்றாக வெந்து கறுத்த கல்லின் பொடி சுண்ணாம்போடு சேர்ந்து இறுகாது. இரண்டாம் பூச்சு 5–6 மி.மீ.: கூழ் 1, மணல் 2. 10 சதுர மீட்டருக்கு முதல் பூச்சு 12 மி.மீ. என்றால் 120 லிட்டர், மேடுபள்ளத்துக்குச் சேர்த்து 150 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். மணலின் இடைவெளியைச் சுண்ணாம்பு நிரப்பிவிடுவதால் மணலும் பொடியும் சேர்ந்து 150 லிட்டர், கூழ் 50 லிட்டர்.

மணலையும் அதே மின்கடத்துமானியில் சோதித்துவிடுங்கள். கடற்கரைப் பக்கத்து மணல் என்றால் உப்பை நாமே விலைக்கு வாங்கிப் பூசுவதாகிவிடும்.

பூசும் முந்தின நாளே சுவரை நனைத்து வையுங்கள். பூசியதும் மணியாசுக் கட்டையால் (பூச்சை மட்டப்படுத்தும் பலகை) அழுத்துங்கள், அடுத்த நாள் மயிர்க்கோடாக வெடிப்பு வரும், அப்போது மறுபடி அழுத்த வேண்டும். அந்த இரண்டாம் அழுத்தலை விட்டுவிட்டு "சுண்ணாம்பு நிற்காது" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். ஈரச் சாக்கு தொங்கவிட்டு 14 நாள் நிழல். ஏப்ரல், மே வெயிலில் மேலே காய்ந்து உள்ளே பச்சையாக நிற்கும்.

வரைகோல்

கடுக்காய், வெல்லம், முட்டை பற்றிச் சொல்லவில்லையே. அவை இல்லாமல் பழைய வேலையைப் பழைய வேலை என்று சொல்ல முடியுமா?

காரைக்கரண்டி

கடுக்காயும் வெல்லமும் மச்சு வேலைக்கு (மொட்டைமாடிக் கூரைத்தளம்) அவசியம், சுவருக்கு அளவோடு. வெல்லம் சுண்ணாம்பு நீரில் கரைவதைக் கூட்டும், வேலை செய்ய நேரமும் தரும். அதிகமானால் இறுகவே இறுகாது, எறும்பு வரும், கறுப்புப் பூஞ்சை படியும். "எவ்வளவு ஊற்றினாலும் நல்லது" என்பது தவறு.

முட்டை வெண்கரு இழைத்த மெருகுப் பூச்சு அருமையானது. ஆனால் எங்கே பூசுகிறோம் என்று பாருங்கள். கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றும்போது மேற்பரப்பின் துளை அடைபடும். மேல்தளத்தில், ஓதமில்லாத சுவரில் செய்யலாம். கீழே முதல் 4 அடிக்கு மெருகு கூடாது. சொரசொரப்பாக, துளை நிறைந்த பூச்சாக விட வேண்டும். அந்தப் பூச்சு உப்பை வாங்கிக்கொண்டு தான் உதிர்ந்து செங்கல்லைக் காப்பாற்றும். மூன்று நாலு வருடத்தில் உதிர்ந்தால் கொத்தனார் தோற்றுவிட்டார் என்று எழுதாதீர்கள். பூச்சு தன் வேலையைச் செய்திருக்கிறது. ஒப்பந்தத்திலேயே "மாற்றப்பட வேண்டிய பூச்சு" என்று தனி வரியாகக் காட்டிவிட்டால் பின்னால் தணிக்கையில் கேள்வி வராது.

மச்சுவேலை

கூரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கீழே என்ன செய்தாலும் மேலே ஒழுகினால் வீண். இந்த வீடுகளுக்குப் பெரும்பாலும் மட்ராஸ் டெரஸ்தான். ஒன்றரை அடி இடைவெளியில் தேக்குக் கட்டை, அதன்மேல் 15 × 7.5 × 2.5 செ.மீ. சிறு செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திக் கட்டைக்கு 45 டிகிரி சாய்வில் அடுக்கியிருப்பார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் 7.5 செ.மீ., அதற்குமேல் தட்டோடு இரண்டு வரிசை.

ஒழுகினால் மேலே சிமெண்ட் கான்கிரீட் கொட்டுவது பெரும் தவறு. 2 அங்குலம் கொட்டினால் சதுர மீட்டருக்கு 120 கிலோ பாரம் கூடும். வெயிலில் சிமெண்ட் விரிவதும் சுண்ணாம்பு விரிவதும் வேறு, அதனால் இரண்டுக்கும் இடையில் நீர் புகுந்து தங்கும். கீழே கட்டை ஊறிக்கொண்டே இருக்கும், மேலே பார்த்தால் நன்றாகத்தான் தெரியும்.

ஜல்லித்தளம் புதிதாகப் போடும் இடத்தில் தட்டுவதுதான் உயிர். 10 சதுர மீட்டருக்குக் கடுக்காய் 600 கிராம், வெல்லம் 200 கிராம், தண்ணீர் 40 லிட்டர். கடுக்காயை உடைத்துப் போட்டு 12 முதல் 24 மணி நேரம் ஊறவைத்து, தெளிவை மட்டும் தெளித்துத் தெளித்துத் தட்ட வேண்டும். வரிசையாக உட்கார்ந்து தட்டுக்கட்டையால் ஒரே சீராக, நாள் கணக்கில். முதல் நாள் சத்தம் "தொப்"பென்று அமுங்கும், கட்டை பதியும். இறுக இறுகச் சத்தம் மாறும், கடைசியில் கட்டை துள்ளித் திரும்பும். துள்ளினால் போதும். அதற்குமுன் தட்டோடு பதித்தால் உள்ளே பஞ்சாகத்தான் இருக்கும்.

தேக்கு

கட்டையின் முனையைப் பாருங்கள், நடுவை அல்ல. சுவருக்குள் புகுந்திருக்கும் முனைதான் முதலில் மக்கும். கூரான ஊசியால் குத்தினால் நல்ல தேக்கில் 2, 3 மி.மீ. போகாது, மக்கியதில் விரல் நீளம் போகும். முனை மட்டும் போயிருந்தால் முழுக் கட்டையையும் மாற்றாதீர்கள். கெட்டதை அறுத்துவிட்டு, பழைய தேக்கிலேயே சாய்வெட்டு இணைப்புப் போட்டுத் திருகாணியால் இறுக்கலாம். அப்போதும் கூரைக்குக் கீழிருந்து முட்டுக் கொடுத்துப் பாரத்தை இறக்கிய பிறகே அறுக்க வேண்டும்.

திருகாணி 316 வகை எவர்சில்வர். 304 வாங்கினால் இந்தக் காற்றில் துரு பிடித்துவிடும். சாதாரண இரும்பு வேண்டவே வேண்டாம். இரும்பு துருவானால் பல மடங்கு வீங்கும், சுவரைப் பிளந்துவிடும். சன்னல் கம்பி சொருகிய இடத்தில் மூலைக்கு மூலை வெடித்திருப்பதற்கு அதுதான் காரணம். முனையைச் சுவருக்குள் திரும்ப வைக்கும்போது மூன்று பக்கமும் ஒரு விரல் காற்றிடைவெளி விடுங்கள். தார் பூசாதீர்கள், உள்ளே ஈரத்தைப் பூட்டிவைக்கும்.

ஓலைக்காவலர்

ஏசி கேள்விக்கு யாரும் வரவில்லை. ஓலையையும் தாளையும் கடற்கரை ஈரத்தில் திறந்து வைக்கச் சொல்ல மாட்டேன். ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும். இந்த ஊரில்தான் 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது, பக்கத்தில் பொறையாறில் கடுதாசிப் பட்டறை நடந்தது. அந்தக் காலத்துத் தாள் ஒன்று கையில் இருந்தால் அதைக் காப்பது சுவரைக் காப்பதற்குக் குறைந்ததல்ல.

ஆய்வுக்குடுவை

ஐயா, குறைந்ததல்ல. ஆனால் ஏசி இரண்டையும் கெடுக்கும் என்பதுதான் சிக்கல்.

சாப்பாட்டு உப்புக்கு எல்லை 75 விழுக்காடு ஈரப்பதம். அதற்கு மேல் காற்றிலிருந்தே நீரை வாங்கிக் கரையும், அதற்குக் கீழே படிகமாகும். இரவில் கரைந்து பகலில் படிகமாவது இங்கே இயல்பாகவே நடக்கிறது. காலையில் போட்டு மாலையில் நிறுத்தும் ஏசி அந்தச் சுற்றைத் தினமும் கட்டாயமாக்கும், 55-க்கு இறக்கிச் சுவரிலிருந்து ஈரத்தை வேகமாக உறிஞ்சும். நிலத்திலிருந்து மேலும் ஈரம் ஏறும், உப்போடு. அதோடு கோடையில் இங்கே பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 25 டிகிரியை ஒட்டி இருக்கும். அறையை 22-க்குக் குளிரவைத்துவிட்டுக் கதவைத் திறந்தால் குளிர்ந்த தாளின் மேலேயே நீர் படியும்.

ஓலைக்காவலர்

ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அறையை விட்டுவிட்டுப் பேழையைப் பிடிப்போம். காற்றுப் புகாத காட்சிப்பேழை, அடியில் தனித் தட்டில் சிலிக்கா ஜெல். 50–55 விழுக்காட்டுக்குப் பதப்படுத்தி, பேழையின் கன மீட்டருக்கு 20 கிலோ. அரை கன மீட்டர்ப் பேழைக்கு 10 கிலோ. உள்ளே சிறிய ஈரமானி ஒன்று, எண் 60 தாண்டினால் ஜெல்லை எடுத்துப் பதப்படுத்த வேண்டும். அதற்காக இரண்டாம் செட் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

பேழைக்கு ஒட்டுப்பலகை வேண்டாம், அதிலிருந்து கசியும் அமில ஆவி தாளைப் பழுப்பாக்கும். பவுடர் பூச்சிட்ட உலோகமும் கண்ணாடியும் போதும். வெளிச்சம் 50 லக்ஸ். ஒரே பக்கத்தை வருடம் முழுவதும் திறந்து வைக்காமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். பேழை மேல்தளத்தில், வெளிச்சுவரைத் தொடாத இடத்தில் இருக்கட்டும். மிக அரியது என்றால் நகலைக் காட்சிக்கு வைத்து, மூலத்தை ஓதமில்லாத ஊரில் பாதுகாப்பதே நேர்மை.

கடற்காற்று

அறைகளுக்குக் காற்று?

தேக்கு

வீடே அதற்காகக் கட்டியதுதான். சாய்பலகைச் சன்னல்களைப் பழுதுபார்த்து, காலையில் கடற்பக்கமும் எதிர்ப்பக்கமும் திறந்து விடுங்கள். மழைநாளிலும் அலை சீறும் நாளிலும் கடற்பக்கத்தை மூட வேண்டும். பலகை திருப்பும் குச்சி உடைந்ததால் நிரந்தரமாக ஆணி அடித்து மூடிவிடுவார்கள், ஓதம் கூடுவதற்கு அது பெரிய காரணம்.

வரைகோல்

நிறம் பற்றி. "டேனிஷ் காலம் என்றால் மஞ்சள்" என்று ஒரேயடியாக அடிக்காதீர்கள். அந்தச் சுவரையே கேளுங்கள். வராந்தாவில் மழைபடாத மூலையில், 2 செ.மீ. சதுரங்களாக, சவரக்கத்தி முனையால் ஒவ்வொரு அடுக்காகப் படிபோலச் சுரண்டுங்கள். உருப்பெருக்கியில் பார்த்தால் வெள்ளை, மஞ்சள் காவி, நீலம் என்று வரிசை தெரியும். எது சுண்ணாம்பு, எது பெயிண்ட் என்று ஒரு துளி நீர்த்த அமிலம் சொல்லிவிடும், சுண்ணாம்பு நுரைக்கும். படம் எடுத்து, அந்தச் சதுரத்தை மூடாமல் கண்ணாடிக்குள் விட்டுவையுங்கள்.

அடிப்பதற்குச் சுண்ணாம்புக் கூழ் 1, தண்ணீர் 5. பால்போல் மெல்லியதாக 5 அல்லது 6 கை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. வழக்கமாகச் சேர்க்கும் கல்லுப்பை இங்கே சேர்க்கக் கூடாது. பிளாஸ்டிக் பசையும் வேண்டாம், அது படலமாகும். ஒட்டுவதற்கு வடித்த கஞ்சி கொஞ்சம் போதும்.

கடற்காற்று

எல்லோருக்கும் நன்றி. மதிப்பீட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, வெளித்தரை, கூரை, சுவர் உலர்த்தல் என்று மூன்றாகப் பிரித்து எழுதச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. ஓதம் உண்மையிலேயே இறங்குகிறதா என்று எப்படித் தெரியும்?

காரைக்கரண்டி

ஈரப்பட்டை எங்கே முடிகிறதோ அங்கே சுவரில் மென்பென்சிலால் ஒரு சிறு கோடு, பக்கத்தில் தேதி. மாதம் ஒருமுறை, அறைக்கு இரண்டு இடம். நவம்பரில் கோடு ஏறினால் பயப்பட வேண்டாம், மழைக்காலம். இந்த ஏப்ரல் கோட்டை அடுத்த ஏப்ரல் கோட்டோடு ஒப்பிடுங்கள். ஒரு கை அளவு இறங்கியிருந்தால் முதல் பூச்சுக்குச் சுண்ணாம்பு தாளிக்கத் தொடங்கலாம்.